தெய்வாத்தாளின் இரண்டாவது ரிசீவர்

பாறைமேட்டுப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் பொன்னுரங்கம் ஒரு திங்கட்கிழமை காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப்போனபோது, பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் கதை அவர் வாயிலிருந்து வர ஆரம்பித்தது. குரல் அவருடையதுதான், புகையிலை போட்டுப் போட்டுத் தடித்துப்போன குரல். பேச்சு மட்டும் வேறு.

“எம் பேரு முனீஸ்வரி. பதினொண்ணாம் வகுப்பு, பி செக்சன். எங்கப்பா கடலுக்குப் போறவரு. ஜூலை மாசம் மூணாவது பீரியட்ல பொன்னுரங்கம் சார் என்னைய எந்திரிக்கச் சொல்லி, கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு, ‘இவ உக்காந்தா கிளாஸே கருவாட்டுக் கடையாட்டம் நாறுது, ஜன்னலுக்குப் போ’ன்னாரு. போயி நின்னேன். அன்னைலருந்து டிசம்பர் வரைக்கும் கணக்கு பீரியட் பூரா ஜன்னல்லதான் நின்னேன். நீலக் கைக்குட்டை. ஓரத்துல மஞ்சக் கோடு...”

சாம்பார்க் கரண்டியோடு நின்றிருந்த அவர் மனைவி பூங்கொடிக்கு அந்தக் கைக்குட்டை தெரியும். அதைத் துவைத்து மடித்து வைப்பவள் அவள்தான். வாத்தியார் வாயைப் பொத்தினார், வார்த்தைகள் விரலிடுக்கில் வந்தன. தண்ணீர் குடித்தார், தண்ணீரோடு சேர்ந்து வந்தன. தெருவுக்கு ஓடினார், அங்கே முட்டை லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்த டிரைவரும் கிளீனரும், பால் ஊற்ற வந்தவரும், எதிர்வீட்டு டெய்லரும், அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று நின்று கால் வீங்கியதையும், விடுதிக்குப் போய்த் தோல் எரியும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்ததையும், கடைசியில் தன் தட்டில் மீன் விழுந்தாலே வாந்தி எடுத்ததையும் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். “அவ்வளவுதான்” என்று கதை முடிந்ததும் வாத்தியார் உள்ளே வந்து, ஆறிப்போன இட்லியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். மறுநாள் காலையிலும் அது வந்தது. அன்று அவருக்குப் பிரேயரில் மைக் பிடிக்கிற முறை. ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் கேட்டார்கள்.

பாறைமேடு கோழிப்பண்ணைகளாலும் அந்தப் பள்ளிக்கூடத்தாலும் பிழைக்கிற ஊர். மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, டாக்டராகவும் இன்ஜினியராகவும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று பெற்றவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின்மேல்தான் அங்கே லாட்ஜும் ஜெராக்ஸ் கடையும் மெஸ்ஸும் ஆட்டோ ஸ்டாண்டும் நின்றன. அதனால் வாத்தியார்களின் வாய் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தபோது, ஊர் சொல்லப்பட்ட விஷயத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, சத்தத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டது. பிஸிக்ஸ் வாத்தியார், ஒரு பையனின் பரீட்சைத் தாளை அவனையே மென்று விழுங்கவைத்ததைச் சலூன் நாற்காலியில் சவரச் சோப்போடு சொன்னார்; சலூன்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். விளையாட்டு வாத்தியார் பஸ் ஏறும்போது சொன்னார். கண்டக்டர் அவருக்குக் கடைசி சீட்டை ஒதுக்கினார். டாக்டர் எல்லோருடைய தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். மருந்துக் கடையில் பிளாஸ்திரி தீர்ந்துபோனது. மாரியம்மன் கோயில் பூசாரி, காலை பூஜைக்கு வருகிற வாத்தியார்கள் கோயிலுக்கு வெளியே பேசி முடித்துவிட்டு வந்தால் போதும் என்று ஒரு ஏற்பாடு சொல்ல, பத்து நாளில் கோயில் வாசலில் காலை ஆறரை மணிக்கு நாலைந்து பேர் அரசமரத்தைப் பார்த்து நின்று பேசுவதும், பூ விற்கிறவர்கள் அவர்களைத் தாண்டிப் பூப்பந்தை எடுத்துக்கொண்டு போவதும் வழக்கமாகிவிட்டது. அதற்கு ‘வாய் விடுவது’ என்று பேர் வைத்தார்கள். “சார் இருக்காருங்களா?” என்று கேட்டால், “வாய் விடப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு” என்று வீட்டில் பதில் சொன்னார்கள்.

இது எதனால் வந்தது என்று யாரும் வெகுநேரம் யோசிக்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் சீக்கிரமே தெரிந்துபோனது. பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே தெய்வாத்தாள் டெலிபோன் பூத் வைத்திருந்தாள்.

நாற்பது வயது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடதுகால் சூம்பிப்போனவள். அந்தக் காலைக் காட்டித்தான் பூத்துக்கு அனுமதி கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு போன், அவள் மேஜைமேல் அதே லைனில் இன்னொரு போன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வார்டன் முத்தையன் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவருவான். ஆளுக்கு ஐந்து நிமிஷம். கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். எல்லாப் பிள்ளைகளும் “நல்லா இருக்கேன்” என்பார்கள். எல்லா அம்மாக்களும் “நல்லாப் படி” என்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கல் சமயத்தில் கலையரசன் என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பையன் விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்தான். தூக்கத்தில் நடக்கிற வியாதி என்று பள்ளிக்கூடம் சொன்னது, டாக்டர் எழுதிக் கொடுத்தார், ஊர் சரி என்றது. வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிற அவன் அப்பா வீரையன் வந்து உடலை வாங்கிக்கொண்டு, வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, ஊருக்குத் தகவல் சொல்லத் தெய்வாத்தாளின் பூத்துக்குள் போனார். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் இரண்டாவது ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு போனுக்கு அவர் மனைவி ஓடிவந்து மூச்சு வாங்கினாள். அவர், “ம்... வந்துட்டேன். சாப்புட்டேன். அங்க மழ பேஞ்சுச்சா?” என்றார். “இல்லைங்க, எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள் அவள். “உப்ப மூடி வையி” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு வேனில் ஏறிப் போனார்.

அன்றிலிருந்து தெய்வாத்தாள் சமைக்கும்போதும் தலை சீவும்போதும் அந்தப் பேச்சு காதில் கிடந்தது. யாராவது பதில் சொல்லியாகவேண்டும் என்று நினைத்தாள், சொல்ல வைக்காமல் சாகக் கூடாது என்று நினைத்தாள். அவளால் அரிவாள் தூக்க முடியாது, கோர்ட்டு ஏற முடியாது, நூறடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. இருந்தது இரண்டு ரிசீவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அழுதழுது முகம் வீங்கிய ஒரு சின்னப் பெண் கூண்டுக்குள் வந்தபோது, அவள் அந்தப் பெண்ணின் வீட்டு நம்பரைச் சுழற்றாமல் மேஜைமேலிருந்த போனை எடுத்துப் பேசினாள்.

“நான்தான் கண்ணு, பூத்தக்கா. வார்டன் பாத்துட்டிருக்கான், அம்மாகிட்டப் பேசறாப்புல மூஞ்சிய வெச்சுக்க. உனக்கு அஞ்சு நிமிசம் இருக்குது. என்ன வேணாலும் சொல்லு.”

ஆரம்பத்தில் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. “அய்யோ பாவமே” என்பாள். அதைக் கேட்டதும் பிள்ளை தன் கதையை விட்டுவிட்டு அவளைத் தேற்ற ஆரம்பித்துவிடும். “நீ ஏன் அங்க போனே?” என்பாள், ‘ஏன்’ என்று ஒரு சொல் விழுந்தால் போதும், பிள்ளையின் வாய் ஆமை ஓட்டுக்குள் போவதுபோல் உள்ளே போய்விடும். “எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான்” என்று ஒருமுறை ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தையும் தானே தின்றுவிட்டாள். ஒவ்வொரு தப்பையும் ராத்திரி சோறு தின்னும்போது நினைத்து நினைத்து விட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளிடம் மிஞ்சியது இரண்டே சொல்தான்: ‘ம்’, ‘அப்புறம்?’ பிள்ளை தடுமாறினால், “காலைல என்ன சாப்புட்டே, அங்கிருந்து சொல்லு” என்பாள். அழுதால் அழவிடுவாள். பேசாமல் நின்றால் அவளும் பேசாமல் மூச்சுவிடுவாள், அந்த மூச்சுச் சத்தம் போனில் கேட்கிற மாதிரி. ஐந்து நிமிஷத்தில் முடியாத கதையை அடுத்த வாரம், “டஸ்டரை இடது கையில எடுத்தாருன்னியே சாமி, அங்கதான் நிறுத்துனே” என்று விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பாள். தான் சொன்ன ஒரு சொல்லை இன்னொருத்தர் ஏழு நாள் பத்திரமாக வைத்திருந்தார் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு மீதியும் வந்துவிடும்.

அப்படி முழுசாகச் சொல்லி முடித்த முதல் பிள்ளை முனீஸ்வரி. அவள் “அவ்வளவுதான்க்கா” என்று போனை வைத்த மறுநாள்தான் பொன்னுரங்கம் வாத்தியாரின் இட்லி ஆறிப்போனது. சேதி கேட்டுத் தெய்வாத்தாள் ஆச்சரியப்படவில்லை. ‘வரட்டும்’ என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அவள் இன்னும் கவனமாகக் கேட்டாள். பாதிக் கதைக்குப் பலனில்லை, அது போய்ச் சேரவேண்டியவருக்கு வெறும் இருமல்தான் வரும். எந்தக் கை, எந்தச் சுவர், என்ன நிறம், அப்போது யார் சிரித்தார்கள் என்று ஒவ்வொன்றும் பிள்ளையின் வாயிலிருந்து தானாக வந்து விழுந்த கதைக்குத்தான் இன்னொருவர் வாயைத் திறக்கிற பலம் இருந்தது. கூலிக்கு அரிவாள் தீட்டுகிறவன் விரல் வைத்துப் பார்ப்பதுபோல், கதையின் முனை பதமாகிவிட்டதா என்று அவள் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

பொன்னுரங்கத்தின் மனைவி பூங்கொடி ஒரு மதியம் பூத்துக்கு வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம், அவளுக்கே இருபத்திரண்டு வயதுதான்.

“ஏனுங்கக்கா, இத நிறுத்த மாட்டீங்களா? தெனம் காலைல அந்தப் புள்ளயோட பேச்சக் கேட்டுக் கேட்டு எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க.”

“நிறுத்தறது எங்கையில இல்ல அம்மிணி. டிரில் மாஸ்டரு அந்தப் பையன் ஊருக்கே போயி, அவன் முன்னால நின்னு வாய் விட்டாராம். பையன் போதும்னானாம். அதோட நின்னு போச்சு.”

“எங்கூட்டுக்காரரு போக மாட்டாருங்க. அவரு யாருகிட்டயும் எறங்கிப் போற ஆளில்லீங்க.” அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். “மூக்கப் பொத்தறது... அந்தக் கைக்குட்டைய...”

தெய்வாத்தாள் ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். வெளியே ஒரு முட்டை லாரி போய், அதன் புழுதி அடங்குகிறவரை பூங்கொடி அதில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கண்ணாடிக் கூண்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்துக் காதில் வைத்தாள். மறுநாளிலிருந்து பொன்னுரங்கம் வாத்தியாருக்குக் காலையில் இரண்டு கதைகள் இருந்தன. மூன்றாம் நாள் பூங்கொடி தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினாள். முனீஸ்வரி இன்றுவரை போதும் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் நின்றால் பெற்றவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று பள்ளிக்கூடம் பூத்து வரிசையை நிறுத்தவில்லை. இவ்வளவு நடந்தும் ஒரு வாய் மட்டும் மூடியே இருந்தது. அது பள்ளித் தாளாளர் குழந்தைவேலுவின் வாய். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் நீறு. ஒவ்வொரு நாளும் காலையில் கேட் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி, ஊர் பார்க்க இட்லி தின்றார். “எத்தனை பேரு வாய் விட்டாங்க. என்ற வாயில ஒரு சொல்லு வந்துச்சா? மடியில கனமிருந்தா வந்திருக்குமில்ல?” என்றார். ஊர் அதை ஒத்துக்கொண்டது. முன்னைவிட அதிகமாக அவரை மதித்தது. கலையரசன் தூக்கத்தில் நடந்துதான் விழுந்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்றார்கள். பேப்பரில்கூட வந்தது. அடுத்த வருஷச் சேர்க்கைக்கு முன்னெப்போதும் இல்லாத கூட்டம் வரும் என்றார்கள்.

தெய்வாத்தாள் அந்தப் பேப்பரை மடித்து மடித்து விரல் அளவுக்கு ஆக்கினாள். செத்தவன் கதையைச் செத்தவன்தான் சொல்லவேண்டும், அவன் எப்படி ஞாயிற்றுக்கிழமை வரிசையில் வந்து நிற்பான்? அவளுக்குத் தெரிந்து அவன் கதையைச் சொல்லக்கூடியவன் ஒரே ஒருவன்தான். கலையரசனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன், பெயர் இளம்பரிதி, திருவண்ணாமலைப் பக்கம். இப்போது அவன் பன்னிரண்டாம் வகுப்பு. மாநிலத்தில் முதலாவதாக வருவான் என்று தாளாளர் எதிர்பார்த்த பையன். வாரம் தவறாமல் வந்து கூண்டுக்குள் போனை எடுப்பான். வீட்டு நம்பர் தரமாட்டான். ஐந்து நிமிஷம் எதுவும் பேசாமல் நின்றுவிட்டுப் போனை வைப்பான். பாடத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்வானாம், வேறெதற்கும் வாய் திறப்பதில்லையாம்.

ஏழு ஞாயிற்றுக்கிழமை அவள் அவனுடைய மூச்சை மட்டும் கேட்டாள். எட்டாவது வாரம் பொறுக்கமுடியவில்லை. “அந்தாளு கலையரசன என்ன பண்ணுனான்? சொல்லு சாமி, நீ சொன்னாத்தான் அவன நான் நாறடிக்க முடியும்” என்று சொல்லிவிட்டாள். பையன் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வைத்தான். நாலு வாரம் வரவில்லை.

அந்த நாலு வாரமும் அவளுக்கு எல்லாமே கசந்தது. மற்ற பிள்ளைகளின் கதைகளைக்கூட அவளால் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை. தன் பசிக்கு அவன் கதையைப் பறித்துத் தின்னப் பார்த்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பசி போகவில்லை. ஐந்தாவது வாரம் அவன் வந்து போனை எடுத்தபோது அவள், “நீ எதுவும் சொல்ல வேண்டாங்கண்ணு. இது உன்ற நேரம், நின்னுட்டுப் போ” என்றாள். ஆசையையும் ஆத்திரத்தையும் பல்லுக்கிடையில் வைத்து நசுக்கிக்கொண்டு அப்படிச் சொன்னாள். அவன் நின்றுவிட்டுப் போனான். அடுத்த வாரமும் நின்றான். அதற்கடுத்த வாரமும். பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போதும், அவனை ஊருக்கு அனுப்பாமல் அடுத்த நுழைவுத்தேர்வுக்காக விடுதியிலேயே வைத்திருந்தார்கள். சேர்க்கைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மே மாத வெயிலில் கூண்டுக் கண்ணாடி கொதித்துக்கொண்டிருந்தபோது, அவன் பேசினான்.

“கலையரசன் என் பக்கத்துப் பெட்டு. அவனுக்கு இங்கிலீஷ் வராது. அரைப்பரீட்சைல ஃபெயிலு. ஃபெயிலானவன் யாரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகக் கூடாதுன்னு தாளாளர் சார் சொன்னாரு. அவன் செவுரேறிக் குதிச்சிப் போயிடலாம்னு இருந்தான். என்கிட்ட மட்டும்தான் சொன்னான். நான் வார்டன்கிட்ட சொல்லிட்டேன்க்கா. ரேங்க் எடுக்கற பசங்களுக்கும் லீவு கெடையாது, சொன்னா என்னையாவது ஊருக்கு வுடுவாங்கன்னு சொல்லிட்டேன்.”

“ம்” என்றாள் தெய்வாத்தாள்.

“வெள்ளிக்கெழமை காலைல தாளாளர் சாரே வந்து அவனக் கையப் புடிச்சி மாடிக்குக் கூட்டினு போனாரு. தண்ணி டேங்குப் பக்கத்துல மோட்டார் ரூமு. உள்ள தள்ளிப் பூட்டிட்டு, சாவிய சட்டைப் பாக்கெட்ல போட்டாரு. ‘ரெண்டு நாளு வெயில்ல வெந்தா இங்கிலீஷு வரும்’னாரு. எங்க எல்லாரையும் பாத்துதான் சொன்னாரு. நாங்க சிரிச்சோம். தகர ரூஃபு. தண்ணி மட்டும் குடுத்தாங்க.”

“அப்புறம்?”

“ஞாயித்துக்கெழமை வீட்டுக்குப் போன் பண்ண மட்டும் கீழ எறக்கினாங்க. போனாதான் வீட்ல சந்தேகம் வராதுன்னு. திரும்பி வந்தப்ப படிக்கட்டுல என்னைப் பாத்தான். ‘அப்பாகிட்டச் சொல்ல முடியலடா, வார்டன் மூஞ்சியயே பாத்துனு இருந்தான்’னான். அப்புறம்...” பையன் நிறுத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். “‘பூத் அக்காகிட்டயாவது சொல்லலாம்னு போனை வச்சிட்டு அவங்க மேஜைகிட்ட போய் நின்னேன். அக்கான்னு கூப்பிட்டேன். அவங்க தலை நிமிந்துகூடப் பாக்கல. அடுத்தது யாருன்னு கேட்டாங்க’ன்னான்.”

தெய்வாத்தாளுக்கு அப்படி ஒரு பையன் நின்றது நினைவில்லை. எவ்வளவு தேடியும் அவன் முகம் கிடைக்கவில்லை. அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இப்போது ‘ஏன்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், “நான் வேணுமின்னு செய்யலியே கண்ணு” என்று ஒரு வரி சொன்னால் போதும், பையன் கதையை அங்கேயே விட்டுவிடுவான், பாதிக் கதைக்குப் பலனில்லை, அவளுக்கு வெறும் இருமலோடு போகும். குழந்தைவேலுவுக்கும் வெறும் இருமலோடு போகும். வார்டன் கண்ணாடியைத் தட்டி மணியைக் காட்டினான்.

“அப்புறம்?” என்றாள் அவள்.

“திரும்ப மேல கூட்டினு போயி பூட்டினாங்க. திங்கக்கெழமை விடியறப்ப ஜன்னக் கம்பியப் பேத்துட்டு, டேங்குப் பைப்பப் புடிச்சி எறங்கப் பாத்தான். பைப்பு ஒடஞ்சிது. அவன் மஞ்சக் கலர் பனியன் போட்டிருந்தான். ஓடிப் போய்ப் பாத்தேன். அவ்வளவுதான்க்கா.”

பையன் போனை வைத்துவிட்டு வெளியே போனான். தன்னுடைய பங்கைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டதால் மறுநாள் அவன் வாய்க்கு வேலை இருக்கவில்லை. அன்று மத்தியானம் அவன் மூன்றுமுறை சோறு வாங்கித் தின்றதாக மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

தெய்வாத்தாள் பழைய நோட்டைப் புரட்டி ஒரு நம்பரை எடுத்து, இந்தத் தடவை உண்மையாகவே சுழற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர் போய் அவரைக் கூட்டிவந்தார்.

“வீரையன் அண்ணனுங்களா? பாறைமேட்டுல பூத் வெச்சிருக்கற தெய்வாத்தாள். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்க.”

“அங்க எனக்கு என்னங்க இருக்கு?” என்றார் அவர்.

“உங்க பையன் எப்படிச் செத்தான்னு கொன்னவங்க சொல்லப் போறாங்க.”

“எத்தன பேரு?” என்று அவர் கேட்டார்.

“ரெண்டு பேருங்க” என்றாள் தெய்வாத்தாள்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்த பெற்றவர்கள், விண்ணப்பத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சுருண்டு நீண்ட வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வேப்பமரத்திலும் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. வீரையன் ஒரு மஞ்சள் பையோடு பஸ்ஸிலிருந்து நேராக வந்து, மேடைக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்ற தெய்வாத்தாளின் அருகே நின்றார். தன் வாயைக் கட்ட அவள் துண்டு எதுவும் கொண்டுவரவில்லை.

குழந்தைவேலு மைக் முன்னால் வந்து கும்பிட்டார். “பெற்றோர்களே, உங்க செல்வங்கள எங்ககிட்ட ஒப்படைச்சிருங்க. மீதிய நாங்க...” என்றவர் நிறுத்தினார். பிறகு அவருடைய கனத்த குரல், “கலையரசன் என் பக்கத்துப் பெட்டு. அவனுக்கு இங்கிலீஷ் வராது” என்றது.

ஊர்க்காரர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள், யாரோ பழைய மாணவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு கேட்டார்கள். சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்ட இடம் வந்தபோது அந்தச் சிரிப்பு வரிசையின் முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொருவராக அணைந்துகொண்டே போனது. குழந்தைவேலு வாயைப் பொத்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கப் பார்த்தார். மைக்செட்காரர் வயரைப் பிடுங்கக் குனிந்தார். வீரையன் பையைக் கீழே வைத்துவிட்டு மேடை ஏறினார். வயர்மேல் ஒரு காலை வைத்து, மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி, தாளாளர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் கொண்டுபோய், அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். உப்பு வாரி வாரி வெடித்த கை அது. பொத்திய விரலிடுக்கிலிருந்து தகரக் கூரையும், வெயிலும், உடைந்த பைப்பும், மஞ்சள் பனியனும் வந்து எல்லா வேப்பமரத்திலிருந்தும் விழுந்தன. மைதானத்தின் கோடியில் நின்ற டாக்டர் தன் காரை நோக்கி நடந்தார். அவரை ஆட்டோக்காரர்கள் போகவிடவில்லை. “அவ்வளவுதான்” என்று கதை முடிந்தபோது குழந்தைவேலு மேடையிலேயே உட்கார்ந்தார்.

அப்போதுதான் தெய்வாத்தாளின் வாய் திறந்தது.

“‘பூத் அக்காகிட்டயாவது சொல்லலாம்னு போனை வச்சிட்டு அவங்க மேஜைகிட்ட போய் நின்னேன்...’”

வீரையன் திரும்பிப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தார். அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் அவளை அடிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. தாளாளரிடம் பிடித்ததுபோலவே, ஒரு விரல் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். “‘அக்கான்னு கூப்பிட்டேன். அவங்க தலை நிமிந்துகூடப் பாக்கல’” என்று தெய்வாத்தாள் மைதானம் முழுக்கச் சொன்னாள். சொல்லி முடித்ததும், அவளே தன் வார்த்தையில், “நான்தானுங்க அது” என்றாள்.

“நீங்க கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்?” என்று அவர் கேட்டார். மைக் திறந்திருந்ததால் அதுவும் எல்லா மரத்திலும் கேட்டது.

“தெரியாதுங்க. அதுதான் எனக்கு எப்பவும் தெரியாம போச்சு.”

அவர் தலையாட்டினார். மன்னித்த மாதிரி அது இல்லை. பிறகு மைக்கோடு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். நூற்றுக்கணக்கான பேர். ஊர்க்காரர்கள் பாதிப்பேர் வாயைக் கையால் மூடியிருந்தார்கள்.

“வேற யாரு?” என்றார் வீரையன்.

ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. அப்புறம் வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வெளியூர்க்காரி, இளையவனைச் சேர்க்க வந்தவள், பச்சைப் புடவை, கையில் விண்ணப்பத் தாள். எந்தக் கதையும் அவள் வாயைத் திறக்கவில்லை, யாரும் அவளைப் பேசவைக்கவில்லை.

“என் மூத்த பையன் இங்கதான் படிச்சான். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழமை போன்ல அழுதான். சீரியல் நேரம். அழாம படின்னு சொல்லி வச்சுட்டேன்” என்றாள். மைக் இல்லாததால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டது.

வீரையன் அவளை நோக்கி நடந்தார். வயர் தரையில் இழுபட்டு வந்து, ஒரு இடத்தில் விறைத்து நின்றது. அதற்குமேல் எட்டவில்லை. அவர் கையை நீட்டியபடி அங்கேயே நின்றார். அவள் கையிலிருந்த தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு, மைக்கை நோக்கி வந்தாள்.